மொய் ஓட்டு

பாகூர் பக்கத்துச் செலியமேட்டில் என் அக்கா குத்தகைக்குப் பயிர் வைத்துவந்த ஒன்றரைக் காணி நிலம் இந்தத் தை மாதத்தோடு அவள் கையை விட்டுப் போய்விட்டது. வெள்ளம் வரவில்லை, பூச்சி விழவில்லை. ஊரில் எல்லோரும் ஒருவருக்கொருவர் மரியாதையாக நடந்துகொண்டார்கள், அதில் போய்விட்டது. இப்படிச் சொன்னால் அக்காவுக்குக் கோபம் வருகிறது. நடந்ததை நடந்த வரிசையில் எழுதிப் பார்த்தாலும் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறது.

நான் ஒதியம்பட்டில் இருக்கிறேன். வில்லியனூர் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையின் சரக்கு அறைக்குப் பொறுப்பு. வருகிற லாரி ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கைப்பிடி மாதிரி எடுத்துப் பார்த்து நான் கையெழுத்துப் போட்டால்தான் மூட்டை உள்ளே இறங்கும். வீட்டுக்கு வந்தால் டைரி எழுதுவேன். மழை எவ்வளவு, கரண்ட் எப்போது போனது, வில்லியனூர் சந்தையில் கத்தரிக்காய் என்ன விலை, யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள். என் மனைவி இதற்கு வூட்டு சென்சஸ் என்று பெயர் வைத்திருக்கிறாள்.

எழுதினால் காசு தருகிற ஒரு செயலியை என் போனில் ஏற்றிக் கொடுத்தவர் அக்காவின் கணவர். மாமா பாண்டி டவுனுக்கும் பாகூருக்கும் நடுவில் டெம்போ ஓட்டுகிறார். யாரோ ஒரு பயணி அவருக்குச் சொல்லியிருக்கிறார்.

"இன்னா மச்சான், மழை பேஞ்சத எல்லாம் நோட்ல எழுதி நீயே படிச்சிக்கினு இருக்க. இதுல எழுது. நாலு பேரு ஓட்டு போட்டா காசு குடுக்கறான்."

"எவன் குடுக்கறான் மாமா?"

"அது தெரிஞ்சா நான் ஏன் டெம்போ ஓட்டறேன்?"

செயலியின் ஏற்பாடு இதுதான். நீங்கள் எழுதியதற்கோ போட்ட படத்துக்கோ பிறர் மேல் ஓட்டுப் போட்டால் உங்களுக்கு பாயிண்ட் சேரும். பாயிண்டை விற்றுக் காசாக்கலாம். விற்காமல் வைத்துக்கொண்டால் உங்கள் ஓட்டுக்கு எடை கூடும். எடை கூடிய ஓட்டு விழுந்தால் வாங்குகிறவருக்கு பாயிண்டும் கூடும். எடை முழுவதையும் வைக்கலாம், கொஞ்சமாகவும் வைக்கலாம். பிடிக்காததற்குக் கீழ் ஓட்டும் போடலாம். எடையான கீழ் ஓட்டு விழுந்தால் அந்தப் பதிவு சாம்பல் நிறமாகிப் பட்டியலின் அடிக்குப் போய்விடும், அதுவரை சேர்ந்ததும் அழிந்துவிடும். யார் யாருக்கு எதைப் போட்டார்கள் என்பது பெயரோடு எல்லோருக்கும் தெரியும். தேர்தலில் காசு வாங்கினவன்கூட மறைப்புக்குப் பின்னால் போய் எதை அமுக்கினான் என்று எவனுக்கும் தெரியாது. அவனுக்கும் மற்றவனைப் போல் ஒரே ஓட்டு. இங்கே அந்த இரண்டும் கிடையாது.

நான் தினமும் மழை அளவும் ஏரி மதகு திறந்திருக்கிறதா என்பதும் போட்டேன். சிலர் படித்தார்கள். அக்கா போட்டதுதான் ஓடியது. வயல் நண்டு ரசம், கெளுத்திக் குழம்பு, களை பறிக்கும்போது பக்கத்து வரப்புக்காரியோடு சண்டை. அவள் வாய்க்கு ஊரே சிரித்தது. முதல் முதலில் வந்த காசில் அவள் ஒரு குக்கர் வாங்கினாள். அதையும் வீடியோ போட்டாள்.

எங்கள் பக்கத்தில் கல்யாணமானாலும் காதுகுத்தானாலும் மொய் வைத்தவர் வீட்டு விசேஷத்துக்குப் போய்த் திருப்பி வைத்தாக வேண்டும். சாப்பாடு நன்றாக இருந்ததா, மாப்பிள்ளை யோக்கியனா என்பதெல்லாம் மொய்யில் சேர்த்தி இல்லை. அந்தப் பழக்கத்தை எங்கள் ஆட்கள் அப்படியே செயலிக்குக் கொண்டுபோனார்கள். எனக்கு ஒருவர் ஓட்டுப் போட்டால் நான் அவருக்குப் போட வேண்டும். அவர் எழுதியது உண்மையா, பொய்யா, படித்தோமா என்பது அடுத்த விஷயம். "அவுங்களுக்கு மொய் ஓட்டு போட்டுட்டியா?" என்று அக்காவும் மாமாவும் சோறு சாப்பிடும்போது கேட்டுக்கொள்வார்கள். செயலியை எங்கோ உட்கார்ந்து செய்தவர்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தெரிந்திருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள்.

பாகூர் கடைத்தெருவில் உரமும் விதையும் விற்கிற ஒரு முதலாளி இருக்கிறார். நல்ல பேச்சு, சிரித்த முகம். பாயிண்ட் கொண்டுவந்தால் அதற்கு யூரியா தருகிறேன், விதை தருகிறேன் என்று அவர் கடையில் எழுதி மாட்டினார். செயலி மூலம் விற்றால் காசு வர ஒரு வாரம் ஆகும், பேங்க் விவரம் எல்லாம் கேட்பான். கடையில் போனை நீட்டினால் அப்போதே மூட்டை. ஊரே அங்கே போய்க் கொடுத்தது. கொடுத்த பாயிண்ட் எல்லாம் அவர் கணக்கில் போய் உட்கார்ந்தது. ஒரு வருடத்துக்குள் அவர் ஓட்டு மற்றவர்கள் ஓட்டைப் போல இல்லை.

"அவுரு ஒரு அமுக்கு அமுக்குனா போதுண்டா, எங்க தெருவே சேந்து அமுக்குன மாதிரி" என்றாள் அக்கா, பெருமையாக.

"உங்க தெரு வித்த ஓட்டுதான அக்கா அது?"

"வித்ததா? பாயிண்ட்டத்தான்டா குடுத்தோம். ஓட்டு எங்களுக்கு இன்னும் இருக்குதே."

இருந்தது, காற்றடித்தால் பறக்கிற அளவு எடையோடு. முதலாளி தினமும் காலையில் எல்லோருடைய பதிவுக்கும் ஓர் ஓட்டுப் போடுவார். நூறு ரூபாய் மொய் வைத்தவருக்கு நூறு ரூபாய் திருப்பி வைத்தால் தீர்ந்துவிடும். அவர் வைக்கிற எடைக்கு இவர்கள் ஓட்டு ஆயுளுக்கும் ஈடாகாது. அதனால் அவர் எது போட்டாலும், குளித்துவிட்டு வந்து விபூதி பூசிய படத்தைப் போட்டாலும், எல்லோரும் ஓடிப்போய்ப் போட்டார்கள்.

ஆவணியில் அவர் ஒரு சம்பா விதை நெல்லைப் பற்றிப் பதிவு போட்டார். புது ரகம், சன்னம், ஒரே சீராகக் கதிர் தள்ளும், அமோக விளைச்சல். கடையில் மூட்டை வந்து இறங்கிய அன்றே போட்டது. யாரும் விதைத்திருக்க முடியாது. மறுநாள் பார்த்தால் அது பட்டியலின் உச்சியில் நிற்கிறது. கீழே ஊர்ப் பெயர்கள் வரிசையாக. "அருமையான விதை." "நம்பி வாங்கலாம்." "சூப்பர் அண்ணா."

அக்காவுக்கு அந்தப் போகம் முக்கியம். நிலத்துக்காரர் பாண்டியில் இருக்கிறார். அவருடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர், அந்தக் காலத்தில் வாங்கிப்போட்ட நிலம். மனை போடுகிற புரோக்கர்கள் அவருக்கு போன் செய்துகொண்டே இருந்தார்கள். "இந்தப் போகம் நல்லா எடுத்துக் காட்டும்மா, பாத்துட்டுச் சொல்றேன்" என்று அவர் சொல்லியிருந்தார். நல்லபடியாக விளைந்தால் நிலம் அவளிடம் இருக்கும், இல்லாவிட்டால் மனைக் கல் நடுவார்கள். அவ்வளவுதான் விஷயம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அவள் வீட்டுக்குப் போனபோது விதை மூட்டை கூடத்தில் இருந்தது. பாயிண்ட் கொடுத்து வாங்கியது. என் கை சும்மா இருக்கவில்லை. ஒரு பிடி எடுத்துப் பேப்பரில் கொட்டி, பேனா முனையால் தள்ளித் தள்ளிப் பிரித்தேன். சன்னமாக ஒரு குவியல் சேர்ந்தது. குட்டையாகத் தடித்து, மோட்டா நெல்லாக இன்னொரு குவியல் சேர்ந்தது. மூட்டையின் அடியில் இருந்தும் ஒரு பிடி எடுத்தேன். அதிலும் அப்படித்தான். என் சரக்கு அறைக்கு இப்படி ஒரு மூட்டை வந்திருந்தால் லாரியைத் திருப்பி அனுப்பியிருப்பேன். இரண்டு குவியலையும் படம் எடுத்து, எந்த மூட்டை, எங்கிருந்து எடுத்தேன் என்பதை எழுதி, "விதைப்பதற்கு முன் உங்கள் மூட்டையையும் இப்படிப் பிரித்துப் பாருங்கள்" என்று போட்டேன். முதலாளியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

நான் ஒதியம்பட்டு போய்ச் சேருவதற்குள் பதிவு சாம்பல் நிறமாகியிருந்தது. ஒரே ஒரு கீழ் ஓட்டு, அவருடையது. அதுவரை எனக்கு மேல் ஓட்டுப் போட்டிருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் போன் செய்தார். "தப்பா நெனைக்காதீங்க சார், ஓட்ட திருப்பி எடுத்துக்கினேன். எம் பொண்ணு கோலப் பதிவுக்கு அவருதான் போடறாரு."

மறுநாளிலிருந்து என் மழை அளவும் சாம்பலானது. மதகு மூடியிருக்கிறது என்று எழுதினேன், அதுவும் சாம்பல். அன்று பெய்த மழை அவருக்கு என்ன கெடுதல் செய்தது என்று எனக்குப் புரியவில்லை.

அக்கா போன் செய்தாள்.

"ஏன்டா, ஒனக்கு இன்னா வேண்டுதலா?"

"நீயே பிரிச்சிப் பாருக்கா. ரெண்டு நெல்லு இருக்கு."

"வெத நெல்லுன்னா நாலு முன்ன பின்னதான்டா இருக்கும். ஊர்ல எத்தினி பேரு நல்லா இருக்குன்னு ஓட்டு போட்டுக்கிறாங்க, பாத்தியா?"

"நீயும் போட்டியா?"

"போட்டேன்."

"வெதச்சிப் பாத்துட்டா போட்ட?"

"நான் மரியாதைக்குப் போட்டன்டா. அவுரு எனக்குப் போடறாரு, நான் போடாம இருந்தா நல்லாவா இருக்கும்?"

"அப்ப மத்தவங்க?"

"மத்தவங்க எல்லாம் பாத்துட்டுத்தான போட்டிருப்பாங்க!"

இதை அவள் உண்மையாகவே நம்பினாள். அந்த வாரம் செலியமேட்டில் நான் கேட்ட ஆட்கள் ஒவ்வொருவரும் இதையே சொன்னார்கள். தன் ஓட்டு மொய் என்று அவரவருக்குத் தெரிந்திருந்தது. மற்றவர் ஓட்டு மட்டும் சாட்சி என்று நினைத்தார்கள்.

"வேற மூட்டை நான் வாங்கித் தரேன்கா. இத வெதைக்காத."

"நல்லா சொன்ன. வேற வெத வெதச்சா பக்கத்து வயக்காரன் பாக்க மாட்டான்? கடையில போயி சொல்ல மாட்டான்? அவுரு மூஞ்சில நான் எப்படிடா முழிக்கிறது?"

"என் பதிவுக்கு நீ இன்னா போட்ட?"

"கீழ் ஓட்டு போடல. அதுவரைக்கும் சந்தோசப்பட்டுக்கோ."

செயலிக்காரர்களுக்குப் புகார் எழுதினேன். படங்களை இணைத்தேன். சுத்தமான தமிழில் பதில் வந்தது. எது மதிப்புள்ளது என்பதை எங்கள் சமூகமே தீர்மானிக்கிறது, நிர்வாகம் அதில் தலையிடுவதில்லை. அந்தச் சமூகம் பாகூர் கடைத்தெருவில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. போய்ப் பார்த்தேன். எழுந்து நின்று வரவேற்று, டீ வரவழைத்தார்.

"மாதிரி எடுத்துப் பாத்தீங்களாமே சார்."

"ரெண்டு ரகம் கலந்திருக்குங்க."

"எனக்கு சீல் போட்டு வருது. நான் பிரிச்சா பாக்கறேன்?"

"அப்ப நல்லா இருக்குன்னு எத வச்சி எழுதுனீங்க?"

"விக்கிறவன் நல்லா இல்லன்னா சார் எழுதுவான்?" என்று சிரித்தார். கேலி இல்லை. அவருக்கு உண்மையிலேயே வேடிக்கையாக இருந்தது.

"மழை அளவுக்கு ஏன் கீழ் ஓட்டு போடறீங்க? மழை இன்னா பண்ணுச்சி?"

"அது நான் போடல சார். செட்டிங் போட்டு வுட்டுக்கிறான் எங்க அக்கா பையன். ஒங்க பேரு வந்தா தானா வுழும். நீங்க அந்தப் படத்த எடுத்துடுங்க, நான் இத எடுத்துடறேன்."

"எடுக்க மாட்டேன்."

"சரி, ஒங்க இஷ்டம். என் பாயிண்ட்டு, என் ஓட்டு. நான் யாரையும் அடிச்சா புடுங்கினேன்? அவங்களே கொண்ணாந்து குடுத்தாங்க." டீ கிளாஸைக் காட்டினார். "ஆறுது, குடிங்க."

குடித்துவிட்டுத்தான் வந்தேன். டீயைக் குடிக்காமல் வருவது மரியாதை இல்லை. இந்த ஊர் எனக்குள்ளும் இருக்கிறது.

கார்த்திகைக் கடைசியில் அக்காவின் வயல் இரண்டு உயரமானது. மோட்டா நெல் முந்திக்கொண்டு குட்டையாகக் கதிர் தள்ளியது. சன்னம் அதற்கு மேல் பச்சையாக நின்றது. மார்கழியில் ஒன்று பழுத்துக் கொட்ட ஆரம்பித்தது, மற்றது பால் பிடித்துக்கொண்டிருந்தது. அறுத்தால் பாதி காய், விட்டால் பாதி மண்ணில். பாகூர் சாலையில் பஸ்ஸில் போகும்போதே இரு பக்கமும் இப்படி வயல்கள் தெரிந்தன, அவளுடையது மட்டும் அல்ல. டீக்கடையில் ஆண்கள் முதலாளியைத் தாயைச் சேர்த்துத் திட்டினார்கள். திட்டி முடித்துவிட்டு போனை எடுத்து அன்றைய மொய் ஓட்டைப் போட்டார்கள். செயலியில் இரண்டு உயர வயல் ஒன்றுகூட வரவில்லை. மார்கழிக் கோலமும் சாணியில் வைத்த பரங்கிப் பூவும் வந்தன. விதைப் பதிவு எல்லோருடைய ஓட்டோடும் அப்படியே இருந்தது. என் இரண்டு குவியலும் சாம்பலாக அடியில் கிடந்தன.

தை பிறந்ததும் நிலத்துக்காரர் காரில் வந்தார். நானும் அன்று அங்கே இருந்தேன். பக்கத்து வயல்களில் அதற்குள் அறுப்பு முடிந்திருந்தது. வரப்பில் நின்று பார்த்தார்.

"இன்னாமா இது, ரெண்டு வயல ஒண்ணு மேல ஒண்ணு வச்ச மாதிரி இருக்குது?"

"வெத சரியில்லீங்க ஐயா. கலப்பு வெத."

"எந்தக் கடை வெத?"

சொன்னாள். அவர் போனை எடுத்தார். அவரும் அந்தச் செயலியில் இருக்கிறார் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அமோக வெளைச்சல்னு ஊரே போட்டுக்கிறாங்களேம்மா. ஒனக்கு மட்டும் ஏன் இப்படி?" விரலால் கீழே தள்ளிக்கொண்டே போனார். நின்றார். "தோ, நீயே ஓட்டு போட்டுக்கிற. 'அருமையான வெத'ன்னு எழுதிக்கிற."

அக்கா வரப்புச் சண்டையில் ஒரு தெருவையே வாயடைக்க வைக்கிறவள். அது மரியாதைக்குப் போட்டது என்று ஒரு பிரெஞ்சு பென்ஷன் வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வாள்? நான் என் படத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் தேடினார். அடியில் சாம்பல் நிறத்தில் கிடந்ததைப் பார்த்தார், அதன் மேல் எழுதியிருந்த எச்சரிக்கையைச் சத்தமாகப் படித்தார். "இந்தப் பதிவைச் சமூகம் நிராகரித்துள்ளது." போனைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"பயிர கவனிக்கல நீ. வீடியோ எடுக்கவே நேரம் சரியா இருக்கு. அறுத்துட்டு வுட்டுடும்மா, போதும்."

நெல் ஏலம் விடுகிற கமிட்டியில் வியாபாரி நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டுக் கோழித் தீவனத்துக்கு ஆகும் என்றார். மாமா டெம்போவை ஒரு நாள் நிறுத்திவிட்டு வந்து மூட்டை ஏற்றினார். "நான்தான் மச்சான் இத ஒங்க எல்லாருக்கும் ஏத்திக் குடுத்தேன்" என்று ஒரு தடவை சொன்னார். அடுத்த மூட்டைக்குக் குனிந்தார்.

நிலத்தை விட்ட அன்று சாயங்காலம் அக்கா வெறும் வயலில் நின்று ஒரு வீடியோ போட்டாள். விதையைப் பற்றி ஒரு சொல் இல்லை. இந்த வரப்பில்தான் பிள்ளைக்குத் தூளி கட்டினேன் என்றாள், அழுதாள், கும்பிட்டாள். அவள் வாழ்நாளில் அவ்வளவு ஓட்டு விழுந்ததில்லை. பட்டியலின் உச்சிக்குப் போனது. முதல் ஓட்டு முதலாளியுடையது, எப்போதும் போடுவதைவிட எடை கூட்டிப் போட்டிருந்தார். "மனசு கஷ்டமா இருக்கு அக்கா" என்று எழுதியும் இருந்தார். அந்த பாயிண்டைக் கொண்டுபோய் அவர் கடையிலேயே கொடுத்தாள். விதைக்கும் யூரியாவுக்கும் அவளிடம் நிலமில்லை என்பதால் அவர் காசாகவே கொடுத்தார். அதையும் பெருந்தன்மை என்றாள்.

சித்திரையில் ஒரு நாள் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். நிலத்தில் மனைக் கல் நட்டாகிவிட்டது, பஸ்ஸிலிருந்தே பார்த்துவிட்டு வந்திருந்தேன். அக்கா கொல்லையில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அம்மிக்கல்லில் சாய்த்து வைத்திருந்த போன் சத்தம் போட்டது.

"யாரு, பாருடா."

முதலாளி. சித்திரையில் விதைக்கிற சொர்ணவாரிப் பட்டத்துக்குப் புது விதை வந்திருக்கிறது. ஒரே சீராகக் கதிர் தள்ளும். அதற்குள் கீழே பெயர்கள் வர ஆரம்பித்திருந்தன. படித்துக் காட்டினேன்.

"ஒரு ஓட்டு போட்டுட்றா. எங் கை ஈரமா இருக்குது."

"ஒனக்கு வெதைக்க நெலமே இல்லியேக்கா."

"நெலம் இல்லன்னா மரியாதையும் இல்லாம பூடுமா? என் அழுவாச்சி வீடியோவுக்கு அவுரு எவ்ளோ பெரிய ஓட்டு போட்டாரு."

"இத நம்பி எவனாவது வெதைப்பான்."

"அவன் மத்தவங்க ஓட்டப் பாத்து வெதைப்பான். என் ஒரு ஓட்டுல இன்னாடா ஆவப்போவுது?"

நான் போனை மறுபடி அம்மிமேலேயே சாய்த்து வைத்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மீனைச் சட்டியில் போட்டு, உட்கார்ந்தபடியே நகர்ந்து வந்து கட்டைவிரலால் அமுக்கினாள். ஈர விரலுக்கு அது பதியவில்லை. முந்தானையில் விரலை நன்றாகத் துடைத்துக்கொண்டு மறுபடி அமுக்கினாள்.